ஹீட் பம்பை அணைப்பதா, ஓடவிடுவதா?

லண்டன் பக்கம் கேஸ் பாய்லரை எடுத்துவிட்டு, வெளிக்காற்றில் உள்ள வெப்பத்தை மின்சாரத்தால் உள்ளே இழுத்து வீட்டைச் சூடாக்கும் ஹீட் பம்ப் வைத்த வீடுகளில், முதல் குளிர்காலத்திலேயே ஒரு வாக்குவாதம் தொடங்கிவிடுகிறது. படுக்கும்போதும் வேலைக்குப் போகும்போதும் அணைத்தால்தானே காசு மிச்சம் என்பது ஒரு கட்சி. தொடவே தொடாதீர்கள், அது பாட்டுக்கு ஓடட்டும் என்பது இன்னொரு கட்சி. வெளியே எத்தனை டிகிரி என்று கேட்காமல் இரண்டுக்கும் தீர்ப்புச் சொல்ல முடியாது.

அணைக்கும் கட்சியிடம் நியாயம் இருக்கிறது. உள்ளேயும் வெளியேயும் உள்ள வெப்ப வித்தியாசம் குறையக் குறைய வீடு இழக்கும் சூடும் குறையும். ஆனால் எவ்வளவு? வெளியே 0 டிகிரி, உள்ளே 20 என்று வையுங்கள். இரவு 8 மணி நேரம் அணைத்து, விடியும்போது வீடு 16 டிகிரிக்கு இறங்கினால் இரவின் சராசரி 18. அந்த 8 மணி நேர இழப்பில் 10 சதவீதம் மிச்சம். முழு நாளுக்குப் பார்த்தால் 3 சதவீதம் சொச்சம்தான்.

அப்புறம் காலையில் வீட்டை மறுபடி சூடாக்க வேண்டும். பாய்லர் என்றால் 65, 70 டிகிரியில் தண்ணீரை அனுப்பிச் சட்டென்று முடித்துவிடும். ஹீட் பம்ப் அப்படியில்லை. அறையைச் சூடாக்கும் ரேடியேட்டருக்கு 35, 40 டிகிரியில் தண்ணீர் போகும்போது ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று, நான்கு யூனிட் வெப்பம் தரும். அந்தத் தண்ணீரின் சூட்டை ஒவ்வொரு டிகிரி கூட்டும்போதும் திறன் ஏறக்குறைய 2 முதல் 3 சதவீதம் விழும். அவசரமாகச் சூடேற்ற 10 டிகிரி கூட்டினால், இரவில் பிடித்த மிச்சம் காலைச் சாப்பாட்டுக்கு முன்பே போய்விடும். அதுவும் விடியற்காலைதான் வெளிக்காற்று மிகவும் குளிர்ந்திருக்கும் நேரம். போதாக்குறைக்கு உள்ளே இருக்கும் சாதாரண மின்சாரத் துணை ஹீட்டர் வேலைக்கு வந்தால் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு யூனிட் வெப்பம்தான். இங்கே மின்சாரம் கேஸைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு விலை என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே டிசம்பர், ஜனவரியில் என் ஓட்டு ஓடவிடுவதற்கே. இரவில் வேண்டுமானால் 2 டிகிரி குறைத்து வையுங்கள், தூக்கத்துக்கும் நல்லது. நம் வீடுகளில் சோறு வேகும் ஆவி, குழம்புக் கொதி, உள்ளேயே காயும் துணி என்று ஈரத்துக்குக் குறைவில்லை. சுவர் ஆறிப்போனால் அந்த ஈரம் அதில் படிந்து கறுப்புப் பூஞ்சையாகும். மிச்சம் பிடித்த சில பென்ஸுக்காகப் பிள்ளைகள் அந்தக் காற்றைச் சுவாசிப்பதை நான் ஏற்கமாட்டேன்.

அக்டோபரிலும் ஏப்ரலிலும் கதை மாறும். வெளியே 12, 13 டிகிரி இருக்கும்போது வீட்டுக்குத் தேவை ஒன்றரை கிலோவாட்டாக இருக்கலாம். ஆனால் பெரிய கருவி பலவற்றால் அந்த அளவுக்குத் தணிந்து ஓட முடியாது. ஓடுவதும் நிற்பதுமாகத் திணறும். அந்த நாட்களில் இரவு முழுக்க அணைத்துவிட்டு, பகலில் வெளிக்காற்று இதமாக இருக்கும் சில மணி நேரம் ஒரே மூச்சாக ஓட்டுவதே மேல். இங்கே அணைக்கும் கட்சிக்குத்தான் வெற்றி.

மாலை 4 முதல் 7 வரை விலை ஏறும் கட்டணத் திட்டம் எடுத்தவர்களுக்கும் அணைப்பதில் லாபம் உண்டு. விலை குறைந்த நேரத்தில் ஒரு டிகிரி கூடுதலாகச் சூடேற்றி, அந்த மூன்று மணி நேரம் நிறுத்திவைக்கலாம். கனத்த செங்கல் சுவரும் தரைக்கடியில் சூடான தண்ணீர்க் குழாயும் உள்ள வீடு தாங்கும். காற்று புகும் பழைய வீடு தாங்காது.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு யாழ்ப்பாணமோ சென்னையோ மூன்று வாரம் போகிறீர்களா? அப்போது 20 டிகிரியில் ஓடவிடுவது வீண். கருவியில் உள்ள ‘ஹாலிடே மோட்’ அமைப்பில் 12 டிகிரி அளவுக்கு இறக்கிவிட்டு, குளியல் தண்ணீர்த் தொட்டியையும் நிறுத்துங்கள். ஆனால் சுவரில் உள்ள மெயின் சுவிட்சைத் தொட வேண்டாம். உறைபனி வந்தால் குழாயில் தண்ணீரைச் சுழலவிட்டு உறையாமல் காப்பதற்கு அந்த மின்சாரம் வேண்டும். திரும்பி வந்ததும் யாரும் குளிக்கும் முன் தொட்டியை 60 டிகிரிக்கு ஏற்றுங்கள். தேங்கிய வெதுவெதுப்பான தண்ணீரில் நுரையீரலைத் தாக்கும் லீஜியோனெல்லா கிருமி வளரும்.