ரத்னா கபே, திருவல்லிக்கேணி: ரீயூனியனுக்கு முன்னால் ஒரு சாம்பார் இட்லி

நாங்கள் திருவல்லிக்கேணி இந்து மேல்நிலைப் பள்ளியில் 1991-ல் பிளஸ் டூ முடித்தவர்கள். டிசம்பரில் எல்லாரும் பள்ளியில் கூடுவதாக ஏற்பாடு. வாட்ஸ்அப் குழுவில் இதுவரை முப்பத்தெட்டுப் பேரைப் பிடித்துவிட்டோம். ஆனால் ஆறு மாதமாக அங்கே காலை வணக்கமும் பிறந்தநாள் வாழ்த்தும்தான் ஓடிக்கொண்டிருந்தன. ஒரே பெஞ்சில் ஏழு வருடம் உட்கார்ந்தவன் என்னை 'சார், நீங்க எந்த ஏரியா?' என்று கேட்கிறான். எனக்கு அது ரொம்பவே உறுத்தியது. மண்டபம், மெனு, மொமெண்டோ எல்லாம் அப்புறம் இருக்கட்டும், சென்னையில் இருக்கிற ஆறு பேர் முதலில் ரத்னா கபேயில் சந்திப்போம் என்று சொன்னேன்.

திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையில் இருக்கும் இந்தக் கடை 1948-ல் தொடங்கியது. தொடங்கியவர்கள் வடக்கே மதுராவிலிருந்து வந்த குடும்பம். அவர்கள் கடையில்தான் சென்னையே பேசுகிற சாம்பார் இட்லி கிடைக்கிறது என்பதில் எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஓர் ஆச்சரியம் உண்டு. பெரிய தெருவில் இருக்கும் எங்கள் பள்ளியிலிருந்து நடந்தே வந்துவிடலாம். கையில் இருக்கிற சில்லறையைச் சேர்த்து ஒரு பிளேட் வாங்கி, இரண்டு ஸ்பூன் கேட்டு, சாம்பாரை மட்டும் மறுபடி மறுபடி ஊற்றச் சொல்லிச் சாப்பிட்ட கடை இது.

ஒரு புதன்கிழமை மூன்றரை மணிக்குப் போனோம். வந்தவுடன் ஆறு பேரும் கைகுலுக்கிக்கொண்டோம். ஒருவர் வங்கியில் பெரிய பதவி, ஒருவர் ஆடிட்டர். 'உட்காருங்க', 'நீங்க முதல்ல ஆர்டர் சொல்லுங்க' என்று ஒரே மரியாதை. இட்லி வந்தது. பின்னாலேயே ஜக்கோடு வந்து, இட்லி கண்ணுக்குத் தெரியாமல் போகும்வரை சாம்பாரை ஊற்றினார்கள். ஆவி அடங்கவில்லை.

எனக்கு எதிரே இருந்த வங்கிக்காரர் உடனே சாப்பிடவில்லை. ஸ்பூனின் காம்பைத் திருப்பிப் பிடித்து ஒவ்வொரு இட்லியிலும் நடுவே நாலு ஓட்டை போட்டார். தட்டைக் கொஞ்சம் சாய்த்து, ஓட்டைக்குள் சாம்பார் இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும்தான் எனக்கு ஆள் பிடிபட்டது. அதுவரை ஒரு பெயரும் பதவியும்தான் என் முன்னால் உட்கார்ந்திருந்தன. நான் ஸ்பூனை நீட்டினேன். என் கையைத் தட்டிவிட்டு, 'இருடா, ஊறட்டும்' என்றான். அதற்கப்புறம் அந்த மேஜையில் யாரும் யாரையும் 'சார்' என்று கூப்பிடவில்லை.

சாம்பாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தனியாகக் குடித்தால் ஒரு சுவை, இட்லிக்குள் இறங்கி இரண்டு நிமிடம் ஆனபின் வேறு சுவை. அவசரமாகச் சாப்பிடுகிறவர்களுக்கு இந்த இரண்டாவது சுவை கிடைக்காது. வடையையும் அதே சாம்பாரில் போட்டுச் சாப்பிட்டோம், எனக்கு இட்லிதான். டபரா செட்டில் வந்த காபி நல்ல சூடு.

ஆடிட்டர் எட்டாம் வகுப்பு குரூப் போட்டோவைக் கொண்டுவந்திருந்தான். தடித்த அட்டையில் ஒட்டிய கறுப்பு வெள்ளைப் படம், ஓரம் பழுப்பேறியிருந்தது. சாம்பார் தெறிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு, நிற்பவர்களை இடமிருந்து வலமாக ஒவ்வொருவராகச் சொல்லிப் பார்த்தோம். நாலு பேரை யாருக்கும் தெரியவில்லை. அந்த நாலு பேருக்காக நிஜமாகவே வருத்தமாக இருந்தது.

அந்தப் படம் எடுத்த வருடம்தான் சேப்பாக்கம் டை டெஸ்ட், இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் சரிசம ரன்னில் முடித்த கிரிக்கெட் ஆட்டம். 1986 செப்டம்பர் 22, திங்கட்கிழமை. 348 எடுத்தால் வெற்றி, இந்தியா 347-ல் ஆல் அவுட். மனிந்தர் சிங் எல்பிடபிள்யூ. இதில் யாருக்கும் சந்தேகமில்லை. அந்தக் கடைசி விக்கெட்டை நாங்கள் எங்கே நின்று கேட்டோம் என்பதில்தான் தகராறு. வாலாஜா சாலை டீக்கடை ரேடியோவில் என்கிறேன் நான். பைகிராஃப்ட்ஸ் சாலை பழைய புத்தகக் கடை வாசலில் என்கிறான் வங்கிக்காரன். அங்கே கணக்கு நோட்ஸ் விலை பேசிக்கொண்டிருந்தது அவனுக்குத் துல்லியமாக ஞாபகம் இருக்கிறதாம். ஆடிட்டர், தான் ஸ்டேடியத்துக்குள்ளேயே இருந்ததாகச் சாதிக்கிறான். முக்கால் மணி நேரம் இதே பேச்சு. வாட்ஸ்அப்பில் ஆறு மாதத்தில் நடக்காதது அது.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இது டிபன் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிற கடை. ஆறு பேர் வரை சரி. இருபது பேரைக் கூட்டிக்கொண்டு வந்து மணிக்கணக்காக ஆல்பம் பார்க்க நினைக்கக் கூடாது, இடத்துக்குக் காத்திருக்கிறவர்களுக்கு அது அநியாயம். காலை டிபன் நேரத்தை விட்டுவிட்டு, எங்களைப் போல வேலைநாளில் பிற்பகல் வாருங்கள். பேச்சு மிச்சமிருந்தால் மெரினா பக்கத்தில்தான். நாங்களும் கிளம்பி நடந்தோம், ஆனால் கடற்கரைக்கு அல்ல.

பார்த்தசாரதி கோயில் பக்கத்துச் சந்தில் எங்கள் வகுப்புக்காரன் ஒருவன் இன்னும் அதே வீட்டில் இருக்கிறான். முட்டி ஆபரேஷன் ஆகி ஒரு மாதம், படி இறங்க முடியவில்லை. அவனுக்கு ஒரு பார்சல் வாங்கினோம். பார்சல் வாங்குவதாக இருந்தால் இட்லியையும் சாம்பாரையும் தனித்தனியாக வாங்கி, வீட்டில் சாம்பாரை நன்றாகக் கொதிக்க வைத்து ஊற்றுங்கள். கடையில் சாப்பிடுவதற்கு முக்கால்வாசி வந்துவிடும், அவ்வளவுதான்.

அவன் வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வந்தான். போட்டோவில் எங்களுக்குப் பிடிபடாத நாலு பேரில் மூன்று பேரை நின்றபடியே சொன்னான். ஒருவன் ஏழு கிணறு பகுதியில் அச்சகம் வைத்திருக்கிறான், நம்பரும் இருக்கிறது. அப்புறம் டை டெஸ்ட் வழக்கை அவனிடம் கொண்டுபோனோம்.

'டீக்கடையும் இல்ல, புத்தகக் கடையும் இல்ல. இதோ, இந்தத் திண்ணைலதான். எங்க அப்பா டிரான்சிஸ்டர். நீங்க மூணு பேரும் இங்கதான் உக்காந்திருந்தீங்க' என்றான். ஆடிட்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தான். 'நீ தூண் பக்கத்துல. அவுட்டுன்னதும் எங்க அம்மா வெச்சிருந்த மோர்ச் சொம்பை உதைச்சுக் கொட்டிட்ட' என்றான்.

ஆடிட்டர் தூணையே பார்த்துக்கொண்டு நின்றான். அதற்குள் சாம்பார் கொதித்துவிட்டது.