உப்பு லோடா, லைன் லாரியா?

எங்கள் ராமநாதபுரம் பக்கம் வானம் பார்த்த பூமி. ஆவணி, புரட்டாசியில் மழைக்கு முன்னாலேயே காய்ந்த மண்ணில் புழுதி விதைப்பு, தையில் நெல் அறுவடை. அப்புறம் ஹெவி லைசென்ஸ் உள்ளவர்கள் ஸ்டியரிங் பிடிக்கக் கிளம்பிவிடுவோம்.

வெளிமாநிலம் வரை ஓடும் லைன் லாரியில் காசு கூடுதல், பேட்டாவும் உண்டு. ஆனால் நினைத்த நாளில் வீடு திரும்ப முடியாது.

வாலிநோக்கம் உப்பளத்திலிருந்து ஏற்றும் உப்பு லோடு வேறு மாதிரி. கோடை மழை பெய்து பாத்தி கரைந்தால் வேலை நின்றுவிடும். தார்ப்பாய் கட்டும்போது விரல் வெடிப்பில் உப்பு ஏறி எரியும். லாரியின் அடிச்சட்டமான சேஸிஸ் துருப்பிடிக்காமலிருக்க நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். இங்கே குடிக்கவே குடத்தோடு வரிசையில் நிற்கிறோம். ஆனாலும் ராத்திரி வீட்டுக்கு வந்துவிடலாம். முண்டு மிளகாய் (உருண்டை மிளகாய்) போட்டவர்களுக்கு அது பெரிய விஷயம். மாசியிலிருந்து பழம் பறித்து, களத்தில் பரப்பி, கிளறிக் காயவைக்க ஆள் வேண்டும். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய மிளகாய், பனியில் நனைந்தால் நிறம் வெளுத்து விலை போகாது.

மிளகாய் இருந்தால் உப்பு லோடுதான் சரி. நெல் மட்டும் என்றால் லைனுக்குப் போங்கள், ஆடி கடைசியில் ஊருக்குத் திரும்புவதை முதலாளியிடம் முதல் நாளே பேசிவிட்டு. போன வருடம் நான் இந்தூரில் ரிட்டர்ன் லோடுக்குக் காத்துக் கிடந்தபோது, ஊரில் விதைப்பு முடிந்துவிட்டது.