தலையில் கரண்ட் வைத்துக் குடியை நிறுத்துகிறோம் என்று வருகிறவர்களிடம் ஜாக்கிரதை

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கம் இருப்பவர்கள் இதை முழுதாகப் படியுங்கள். மீன்பிடித் தடைக்காலம் வரப்போகிறது, அதனால்தான் இப்போதே எழுதுகிறேன்.

என் அண்ணன் விசைப்படகு டிரைவர். தொழிலுக்குப் போகிற நாட்களில் ஓரளவு கட்டுப்பாடாக இருப்பார். ஏப்ரல் 15-ல் படகைக் கட்டிவிட்டால் 61 நாளும் விடிந்ததிலிருந்து குடிதான். போன வருடம் மதினி அழுது ஓய்ந்திருந்த நேரத்தில் ஒரு நோட்டீஸ் கிடைத்தது. மூளையைத் தூண்டும் சிகிச்சை, மாத்திரை இல்லை, ஊசி இல்லை, அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது, 20 தடவை வந்தால் குடி மறந்துவிடும் என்று போட்டிருந்தது. மதினியின் சங்கிலியை அடகு வைத்து, ராமநாதபுரத்தில் இருந்த அந்த மையத்தில் 48,000 ரூபாயை மொத்தமாகக் கட்டினோம். "இன்னைக்கு ராத்திரியோட சுத்தமா நிறுத்திடுங்க, மிச்சத்தை மெஷின் பார்த்துக்கும்" என்றார்கள்.

நோட்டீஸில் பெரிய நாற்காலியும் தலைக்கு மேல் வளைந்த கருவியும் இருந்தன. மறுநாள் உள்ளே போனால் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பா, இரண்டு வயர். உப்புத்தண்ணீரில் நனைத்த இரண்டு ஸ்பாஞ்சை நெற்றியில் ரப்பர் பட்டையால் இறுக்கிக் கட்டி 20 நிமிடம் உட்காரவைத்தார்கள். தண்ணீர் வழிந்து சட்டைக் காலர் நனைந்தது. எவ்வளவு குடிப்பார், கடைசியாக எப்போது குடித்தார், முன்பு வலிப்பு வந்திருக்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை.

இரண்டாம் நாள் அவரால் டீ கிளாஸைப் பிடிக்க முடியவில்லை. கை அப்படி நடுங்கியது. "மெஷின் வேலை செய்யுது" என்றார்கள். நாங்களும் நம்பினோம். அன்று திரும்பி வரும்போது உச்சிப்புளி தாண்டியதும் பஸ்ஸிலேயே வலிப்பு வந்துவிட்டது. நாக்கைக் கடித்து வாயெல்லாம் ரத்தம். 108-ல் ஜி.எச்.சுக்குக் கொண்டுபோனோம். அங்கே டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, கடைசியாக எப்போது குடித்தார் என்பதுதான்.

தினமும் அதிகமாகக் குடிப்பவர் மருந்து இல்லாமல் சட்டென்று நிறுத்தினால் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், அதன்பின் புத்தி தடுமாறலாம், உயிரே போகலாம் என்றார். தயமின் என்ற வைட்டமின் ஊசியும், வலிப்பையும் நடுக்கத்தையும் அடக்கும் லோரஸிபாமும் போட்டார்கள். அப்படியும் அன்று இரவு முழுக்க அண்ணன் படுக்கை விரிப்பை வலை இழுப்பதுபோல் இழுத்துக்கொண்டே இருந்தார். மதினி அதைப் பார்த்துக்கொண்டு சுவரோரம் நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது.

அப்புறம்தான் நான் விசாரித்தேன். நோட்டீஸில் இருந்தது காந்தத் தூண்டல் கருவி. அமெரிக்காவில் 2008-ல் மன அழுத்த நோய்க்கும், 2020-ல் சிகரெட்டை விடுவதற்கும் அதற்கு அனுமதி கிடைத்தது உண்மைதான். குடிக்கு அப்படி அனுமதி இல்லை, ஆராய்ச்சிதான் நடக்கிறது. சிகரெட்டிலும்கூட, 262 பேரை வைத்து நடந்த பரிசோதனையில் 18 வாரத்துக்குள் தொடர்ந்து நான்கு வாரம் தொடாமல் இருந்தவர்கள் 19 சதவீதம்தான். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பொய்யாகக் கருவி வைக்கப்பட்டவர்களில் கிட்டத்தட்ட 9 சதவீதம். பலன் இருக்கிறது, ஆனால் 'மறந்துவிடும்' என்று சொல்லுமளவுக்கு இல்லை. அண்ணனுக்குக் கட்டியதோ அந்தக் கருவியே இல்லை, மெல்லிய மின்சாரம் பாய்ச்சும் வேறு டப்பா. வேறு மெஷினுக்கு, வேறு பழக்கத்துக்குக் கிடைத்த அனுமதியைக் காட்டி எங்களிடம் காசு வாங்கியிருக்கிறார்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டால், "பாதியில விட்டது நீங்கதானே" என்கிறார்கள். ரசீதில் 'ஆலோசனைக் கட்டணம்' என்று மட்டும் இருக்கிறது. சிகிச்சை என்ற வார்த்தையே இல்லை. பணம் கட்டும்போது அதைப் படிக்காமல் விட்டது எங்கள் தவறு. குடிநோய் மையம் நடத்த மாநில மனநல ஆணையத்தின் பதிவு வேண்டும், அதையும் நாங்கள் கேட்கவில்லை. 2001-ல் ஏர்வாடி மனநலக் காப்பகத் தீயில் 28 பேர் சங்கிலியோடு கருகிய மாவட்டம் இது. இங்கே நாம் கேட்காமல் இருக்கக் கூடாது.

அண்ணன் இப்போது ஜி.எச். மாத்திரையில் இருக்கிறார். நடுவில் ஒருமுறை வழுக்கிக் குடித்துவிட்டார், மறுபடி போய் மாத்திரை வாங்கினோம். அங்கே ஒரு பைசா செலவில்லை. யாரிடம் கேட்பது என்று தெரியாதவர்கள் அரசின் மனநல உதவி எண் 14416-க்கு அழையுங்கள், தமிழிலேயே பேசுவார்கள். வீட்டில் யாராவது தினமும் குடிப்பவராக இருந்தால், டாக்டரைப் பார்க்காமல் ஒரே நாளில் நிறுத்தவைக்காதீர்கள்.

நேற்று தங்கச்சிமடம் பஸ் ஸ்டாப் சுவரில் அதே நாற்காலிப் படத்தோடு புது நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். இந்தத் தடவை மேலே 'தடைக்காலச் சலுகை' என்று சேர்த்திருக்கிறார்கள்.