பி.இ.-45 நோட்டீஸ் என்று காட்டிப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்: மும்பையில் இன்சூரன்ஸ் வேலை செய்யும் சிறு நிறுவனங்கள் கவனத்துக்கு

வெளிநாட்டு இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு மும்பையிலிருந்து வேலை செய்துகொடுக்கும் சிறு நிறுவனங்கள் நம்மவர்கள் கையில் நிறையவே இருக்கின்றன. கிளெய்ம் பேப்பர் சரிபார்ப்பது, ரீ-இன்சூரன்ஸ் (ஒரு இன்சூரன்ஸ் கம்பெனி இன்னொரு கம்பெனியிடம் எடுக்கும் காப்பீடு) கணக்கு போடுவது, சரக்குக் காப்பீட்டு ரிப்போர்ட்டுகளைத் தயாரித்து அனுப்புவது என்று பத்துப் பதினைந்து பேரை வைத்து நடத்துகிறார்கள். இப்படிப்பட்ட நிறுவனங்களைத் தேடிப்பிடித்து ஒரு கன்சல்டன்ட் வருகிறார். எங்களிடம் பணம் வாங்கிக்கொண்டு, சட்டப்படி செய்தே ஆகவேண்டிய ஒரு வேலையைச் செய்யவில்லை. பி.இ.-45 என்ற அமெரிக்க அரசின் சர்வேக்குப் பதில் தருவது என்று, எங்களுக்குச் சம்பந்தமே இல்லாத இன்னொரு வேலையைச் செய்து முடித்துவிட்டதாகச் சொல்லி அதற்கும் பணம் வாங்கினார். புகார் விசாரணையில் இருப்பதால் ஆளின் பெயரை எழுதவில்லை. அவர் எப்படி வருவார், எதைக் காட்டுவார், எதைச் சொல்லிப் பயமுறுத்துவார் என்பதை மட்டும் விவரமாக எழுதுகிறேன்.

செம்பூரில் நானும் என் மச்சானும் சேர்ந்து நடத்தும் பிரைவேட் லிமிடெட் எங்களுடையது. கனெக்டிகட்டில் உள்ள ஓர் இன்சூரன்ஸ் கம்பெனிக்குக் கிளெய்ம் கணக்குகளைப் பார்த்துக்கொடுக்கிறோம். மச்சானின் சித்தப்பா மகன் நியூ ஜெர்சியில் இருக்கிறான். சென்ற நிதியாண்டில் அவன் எங்கள் நிறுவனத்தில் கால் பங்கு வாங்கினான். பிற்பாடு அமெரிக்காவுக்கே திருப்பி எடுத்துச்செல்லும் உரிமையோடு போட்ட பணம் என்பதால் அது அந்நிய நேரடி முதலீடு. அப்படி ஒரு ரூபாய் முதலீடு மார்ச் 31 அன்று கணக்கில் இருந்தாலும் ஜூலை 15-க்குள் ரிசர்வ் வங்கிக்கு எஃப்.எல்.ஏ. ரிட்டர்ன் போடவேண்டும். வெளிநாட்டாருக்கு நாம் எவ்வளவு கடன்பட்டிருக்கிறோம், வெளிநாட்டில் நமக்கு எவ்வளவு சொத்து இருக்கிறது என்று நாட்டின் கணக்கைத் தொகுப்பதற்கான வருடாந்திரக் கணக்கெடுப்பு அது. ஃப்ளேர் என்ற தளத்தில் நாமே போடலாம், கட்டணம் கிடையாது.

எங்களுக்கு இது முதல் முறை. ஜூன் மாதத்தில், கோவில் கமிட்டியில் மச்சானுக்குத் தெரிந்த ஒருவர் மூலமாக இந்த ஆள் வந்தார். திருநெல்வேலிப் பேச்சு. மச்சானை வாய் நிறைய "அண்ணாச்சி" என்றுதான் கூப்பிடுவார். அந்தேரியில் ஆபீஸ், விசிட்டிங் கார்டில் சி.ஏ. என்று பட்டம். எஃப்.எல்.ஏ.-வுக்கு 25,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.-யும் கேட்டார். ஆடிட் முடியவில்லை என்று தெரிந்ததும், "ஆடிட் ஆகாத கணக்கை ஆர்.பி.ஐ. வாங்காது அண்ணாச்சி, ஸ்பெஷல் எக்ஸ்டென்ஷன் எடுக்கணும்" என்று சொல்லி மேலும் 15,000 வாங்கினார். இது முழுப் பொய். ஆடிட் ஆகாத கணக்கை வைத்தே ஜூலை 15-க்குள் போடலாம், ஆடிட் முடிந்ததும் செப்டம்பர் 30-க்குள் திருத்திக்கொள்ளலாம். ரிசர்வ் வங்கியே தன் கேள்வி-பதில் பகுதியில் இதைச் சொல்லியிருக்கிறது.

அடுத்து அவர் எடுத்துவைத்ததுதான் இந்தப் பதிவுக்கே காரணம். அமெரிக்க வணிகத் துறையின் முத்திரை போட்ட ஒரு கடிதம். பொருளாதாரப் பகுப்பாய்வுப் பணியகம், அதாவது பி.இ.ஏ., நடத்தும் பி.இ.-45 என்ற காலாண்டு சர்வேக்கு எங்கள் நிறுவனம் பதில் தரவில்லை என்று அதில் இருந்தது. 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயர், 2,500 முதல் 25,000 டாலர் வரை அபராதம், வேண்டுமென்றே மறைத்தால் 10,000 டாலர் அபராதமும் ஓராண்டுச் சிறையும் என்ற வரிகள். கீழே எங்கள் அமெரிக்க வாடிக்கையாளரின் பெயர். இதைச் சரிசெய்ய 1,150 டாலர் "அரசு ஃபைலிங் கட்டணம்" என்றார். ரூபாயாக மாற்றித் தன் சொந்தக் கணக்குக்கு யு.பி.ஐ.-யில் போடச் சொன்னார். நியூ ஜெர்சியில் இருக்கும் தம்பிக்குச் சிக்கல் வந்துவிடுமோ என்ற பயத்தில் மச்சான் அன்றே அனுப்பினார்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பி.இ.-45 என்ற சர்வே உண்மையிலேயே இருக்கிறது. சட்டம் உண்மை, அபராதத் தொகைகளும் சட்டத்தில் இருப்பவைதான். விலைவாசிக்கு ஏற்ப இப்போது கூடியும் இருக்கின்றன. கூகுளில் தேடினால் அத்தனையும் அப்படியே கிடைக்கும். படித்தவர்களே இவரிடம் மாட்டுவது இதனால்தான். அந்தச் சட்டம் யாரைக் கட்டுப்படுத்துகிறது என்பதில்தான் பொய்யை வைத்திருக்கிறார்.

பி.இ.-45 அமெரிக்க இன்சூரன்ஸ் கம்பெனிகள் நிரப்பும் படிவம். வெளிநாட்டாருடன் அவர்கள் நடத்தும் இன்சூரன்ஸ் கொடுக்கல் வாங்கல் ஓராண்டில் 80 லட்சம் டாலரைத் தாண்டினால், அல்லது தாண்டும் என்று எதிர்பார்த்தால், ஒவ்வொரு காலாண்டும் போடவேண்டும். காலாண்டு முடிந்து 60 நாள் அவகாசம், ஆண்டின் கடைசிக் காலாண்டுக்கு மட்டும் 90 நாள். வெளிநாட்டாரிடமிருந்து ஈட்டிய பிரீமியம், ஏற்பட்ட கிளெய்ம் இழப்பு, வாங்கிய ரீ-இன்சூரன்ஸ், கொடுத்த ரீ-இன்சூரன்ஸ் எல்லாவற்றையும் நாடு வாரியாகப் பிரித்துக் காட்டவேண்டும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை வரும் பெரிய கணக்கெடுப்புக்கு பி.இ.-140 என்று பெயர்; 2018, 2023 ஆண்டுகளுக்கு எடுத்தார்கள். எங்களைப் போன்ற வெளிநாட்டு நிறுவனங்களுக்கு அவர்கள் கொடுக்கும் துணைச் சேவைக் கட்டணத்தைக்கூட அவர்கள்தான் தங்கள் கணக்கில் காட்டவேண்டும். செம்பூரில் இருக்கும் இந்திய நிறுவனம் எதையும் நிரப்ப வேண்டியதில்லை. நிரப்புகிறவர்களும் பி.இ.ஏ.-வுக்குக் கட்டணம் எதுவும் கட்டுவதில்லை. அவகாசம் வேண்டுமானால் கடைசி நாளுக்கு முன்பு எழுதிக் கேட்கலாம், அதற்கும் காசு கிடையாது.

இதையெல்லாம் எங்களுக்குச் சொன்னது கனெக்டிகட் கம்பெனியின் கணக்குப் பிரிவு அம்மா. அந்தக் கடிதத்தைப் படமெடுத்து அனுப்பியபோது அவருக்கே அதிர்ச்சி. அந்த சர்வேயைப் பல ஆண்டுகளாகத் தாங்கள் போட்டுவருவதாகச் சொன்னார். அமெரிக்க அரசின் எந்தக் கணக்கெடுப்புப் படிவத்திலும் ஓ.எம்.பி. எண் (அந்த நாட்டு அரசின் பட்ஜெட் அலுவலகம் தரும் அனுமதி எண்) என்று ஒன்று அச்சிட்டிருக்கவேண்டும், அது இல்லாத படிவத்துக்குப் பதில் தர யாருக்கும் கடமை இல்லை என்பதையும் அவர்தான் சொன்னார். எங்களுக்கு வந்த படிவத்தில் அது இல்லை. "இந்த விவரத்தை வைத்து வருமான வரிக்காரன் வருவான்" என்று அந்த ஆள் சொன்னதைக் கேட்டபோது அவருக்குக் கோபம் வந்தது. அந்தச் சட்டத்தின்படி கொடுக்கும் விவரங்களைப் புள்ளிவிவரத்துக்கும் ஆய்வுக்கும் மட்டுமே பயன்படுத்தலாம், வரிக்கோ விசாரணைக்கோ கொடுக்கக்கூடாது என்று சட்டத்திலேயே இருக்கிறதாம். நாடுகளுக்கிடையே எவ்வளவு இன்சூரன்ஸ் சேவை கைமாறுகிறது என்று கணக்கிடத்தான் இவ்வளவு பாடும்.

இத்தனையும் வெளிவந்தது வங்கி ஒரு கேள்வி கேட்டதால். தம்பி இன்னும் கொஞ்சம் பணம் போட முன்வந்தான். அந்தக் காகிதங்களைப் பார்த்த வங்கி அதிகாரி, சென்ற ஆண்டின் எஃப்.எல்.ஏ. ஒப்புகையைக் கேட்டார். கன்சல்டன்ட் வாட்ஸாப்பில் அனுப்பியிருந்த பி.டி.எஃப்-ஐக் கொடுத்தோம். வாங்கிப் பார்த்த உடனே அவர், "இது உங்க கம்பெனியோடது இல்லையே" என்றார். நிறுவனப் பதிவெண் 21 எழுத்து, அதில் மாநிலக் குறியீடு உண்டு. எங்களுக்கு எம்.எச். என்று இருக்கவேண்டும். அதில் கே.ஏ. என்று இருந்தது. கர்நாடகத்தில் எங்கோ இருக்கும் ஒரு நிறுவனத்தின் ஒப்புகையை எடுத்து, பெயரை மட்டும் மாற்றி ஒட்டியிருக்கிறார். அந்த அதிகாரி கவனிக்காமல் விட்டிருந்தால் இன்னும் எத்தனை வருடம் அப்படியே போயிருக்குமோ.

சரி, இப்போதாவது நாமே போட்டுவிடலாம் என்று ஃப்ளேர் தளத்துக்குப் போனால் உள்ளே நுழைய முடியவில்லை. பதிவு ஏற்கெனவே நடந்திருந்தது, அதுவும் அவருடைய மின்னஞ்சலில். பதிவு செய்வதற்கு நிறுவனத்தின் அதிகாரக் கடிதம் ஒன்றும் சரிபார்ப்புக் கடிதம் ஒன்றும் ஏற்றவேண்டும். அதிகாரக் கடிதத்தில் இருப்பது மச்சானின் கையெழுத்துதான். சரிபார்ப்புக் கடிதத்தில் இருந்த கையெழுத்து எங்களில் யாருடையதும் இல்லை. ரிட்டர்னும் போடவில்லை, எங்களையும் போடவிடாமல் கதவைப் பூட்டிவைத்திருக்கிறார். அடுத்த வருடமும் தன்னிடமே வரவேண்டும் என்பதற்காகச் செய்தது என்றே நினைக்கிறேன். பணம் போனதைவிட எனக்கு ஆறாதது இதுதான்.

கேட்டதற்கு முதலில், "ஆர்.பி.ஐ. சர்வர்ல பிரச்சினை அண்ணாச்சி, திங்கக்கிழமை புது ஒப்புகை வந்துரும்" என்றார். பிறகு போனை எடுக்கவில்லை. அந்தேரி முகவரிக்குப் போய்ப் பார்த்தால் அது மேசையை மாத வாடகைக்கு விடும் இடம், ஆள் காலி செய்துவிட்டுப் போயிருந்தார். பில்லில் 27-இல் தொடங்கும் மகாராஷ்டிர ஜி.எஸ்.டி. எண் இருந்தது. ஜி.எஸ்.டி. தளத்தில் தட்டிப் பார்த்தால் ரத்தான எண் என்று வருகிறது. எங்களுக்குக் கொடுத்த "சி.ஏ. சர்டிபிகேட்டில்" யூ.டி.ஐ.என். இல்லை. உண்மையான ஆடிட்டர் தரும் எந்தச் சான்றிதழிலும் அந்த 18 இலக்க எண் இருக்கவேண்டும், பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் தளத்தில் யார் வேண்டுமானாலும் அதைச் சரிபார்க்கலாம்.

எஃப்.எல்.ஏ. போடாததற்கு ஃபெமா என்னும் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டப்படி நாளுக்கு 5,000 ரூபாய் அபராதம் என்று அவர் ஆரம்பத்திலேயே மிரட்டியிருந்தார். அதனால் உண்மை தெரிந்த அன்று, தினக்கணக்கைப் பெருக்கிப் பார்த்துவிட்டு மச்சான் தூங்கவில்லை. ஃபெமாவின் 13-ஆம் பிரிவில் அப்படி ஒரு வரி இருப்பது நிஜம். ஆனால் 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, எஃப்.எல்.ஏ. தாமதத்துக்குத் தாமதக் கட்டணமாக 7,500 ரூபாய் கட்டிச் சரிசெய்துகொள்ள வழியுண்டு. அவர் எங்களிடம் வாங்கியதில் ஒரு சிறு பகுதிதான் அது. மின்னஞ்சலை மாற்றித் தரவும், தேதி கடந்த ரிட்டர்னைப் போட அனுமதிக்கவும் ரிசர்வ் வங்கிக்கு எழுதினோம். அவர்கள் கேட்ட காகிதங்களைக் கொடுத்தோம், வேலை நடந்தது. எங்கள் பழைய ஆடிட்டரே உட்கார்ந்து போட்டார். படிவத்தைப் பார்த்தால், பேலன்ஸ் ஷீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மதியப்பொழுதில் முடித்துவிடக்கூடிய வேலை.

நஷ்டம் பணத்தோடு நிற்கவில்லை. தம்பியின் புது முதலீடு தள்ளிப்போனது. அதை நம்பி வேலைக்குச் சேரச் சொல்லியிருந்த தாராவிப் பெண் ஒருத்தியைக் காத்திருக்கச் சொல்லவேண்டியதாயிற்று. வீட்டில் முதல் பட்டதாரி, பி.காம். முடித்தவள். "பரவாயில்ல சார், கூப்பிடுங்க வர்றேன்" என்றாள். அவள் அப்பாவிடம் நான் என்ன சொல்வது? காகிதத்தில் முத்திரையை ஒட்டி விற்பவனுக்கு இதெல்லாம் தெரியப்போவதில்லை.

இப்போது இதே நிலையில் இருப்பவர்களுக்கு. அமெரிக்க இன்சூரன்ஸ் கம்பெனியோடு வேலை இருந்து, பி.இ.-45 அல்லது பி.இ.-140 என்று யாராவது நோட்டீஸ் காட்டினால், பதில் சொல்லவேண்டியவர் உங்கள் வாடிக்கையாளர். அவருக்கு அனுப்பிக் கேளுங்கள். அமெரிக்க அரசுக்கு என்று சொல்லிக்கொண்டு மும்பையில் ஒருவரின் யு.பி.ஐ.-க்குப் பணம் போகக்கூடாது. எஃப்.எல்.ஏ. உங்களுக்கு உண்டா என்று உங்கள் ஆடிட்டரைக் கேளுங்கள்; பங்குப் பணம் திருப்பி எடுத்துச்செல்ல முடியாத வகையில் உறவினர் போட்டதாக இருந்தால் பெரும்பாலும் தேவைப்படாது. யாரை வைத்துப் போட்டாலும் ஃப்ளேர் பதிவு உங்கள் நிறுவனத்தின் மின்னஞ்சலில் இருக்கட்டும், கடவுச்சொல் உங்களிடமே இருக்கட்டும். ஒப்புகையை வாட்ஸாப்பில் வாங்காதீர்கள். தளத்திலிருந்து உங்கள் மின்னஞ்சலுக்கே அது வந்துசேரும்.

போலீஸில் ஏமாற்று, போலிக் கையெழுத்து இரண்டையும் சேர்த்துப் புகார் கொடுத்திருக்கிறோம். சைபர் குற்றத் தளத்திலும் யு.பி.ஐ. பரிவர்த்தனை விவரத்தைப் பதிந்துவிட்டோம். முலுண்டில் இன்னொரு நிறுவனத்துக்கும் இதே கடிதம், இதே 1,150 டாலர், வாடிக்கையாளர் பெயரை மட்டும் மாற்றிப் போயிருக்கிறது என்று இந்த வாரம்தான் தெரிந்தது. உங்களுக்கும் வந்திருந்தால் கடிதம், உறை, வாட்ஸாப் உரையாடல், பணம் அனுப்பிய ரசீது எதையும் அழிக்காமல் எனக்கு எழுதுங்கள். நாலைந்து பேர் சேர்ந்தால் புகார்களை ஒன்றாக்கிக் கொடுக்கலாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார்.