ஸ்பவுஸ் ஸ்பான்சர்ஷிப் ஃபைலை நாமளே ரெடி பண்ணி, செக் பண்ண மட்டும் கன்சல்டன்ட்கிட்ட குடுத்தா எப்படி? என் ரிவ்யூ

கனடால பிஆர் (நிரந்தரமா தங்குற உரிமை) வாங்கின நம்ம ஆளுங்க ஊர்ல கல்யாணம் முடிச்சிட்டு திரும்பி வந்ததும் முதல் வேலையா ஒரு கன்சல்டன்ட்டைத் தேடுவாங்க. நான் என் வீட்டுக்காரரை ஸ்பான்சர் பண்ணப்போ, அதாவது அவரையும் பிஆர்ல இங்க கூப்பிட்டுக்க அப்ளை பண்ணப்போ, ஃபுல் பேக்கேஜ் எடுக்கல. ஃபார்ம் எல்லாத்தையும் நாங்க ரெண்டு பேருமே நிரப்பிட்டு, சப்மிட் பண்றதுக்கு முன்னாடி லைசென்ஸ் இருக்கிற ஒரு கன்சல்டன்ட்கிட்ட குடுத்து வரிக்கு வரி பாக்க வச்சோம். அப்ளிகேஷன் ரிவ்யூன்னு இதையே தனி சர்வீஸா நிறைய பேர் பண்றாங்க, ஃபுல் பேக்கேஜுக்கு கேட்டதுல கால்வாசிகூட ஆகல. நாங்க போனது டொராண்டோ பக்கம் ஸ்கார்பரோல சின்னதா ஆபீஸ் வச்சிருக்கிற ஒரு மேடம்கிட்ட. பேர் போடல, இந்த மாதிரி சர்வீஸ் யாருக்கு செட் ஆகும் யாருக்கு ஆகாதுன்னு சொல்லத்தான் எழுதுறேன்.

அதுக்கு முன்னாடி வேற ஒரு ஆபீஸ்ல விசாரிச்சோம். நீங்க டாக்குமெண்ட்டை மட்டும் வாட்ஸ்அப்ல அனுப்புங்க மத்ததெல்லாம் நாங்க பாத்துக்கிறோம்னாங்க. சரின்னு கேட்டுட்டு இருந்தா, ஐஎம்எம் 5532 ஃபார்ம்ல (ஐஎம்எம்னு வர்றதெல்லாம் கனடா இமிக்ரேஷன் ஃபார்ம் நம்பர்) நம்ம உறவைப் பத்தி வர்ற கேள்விகளுக்கு ஏற்கனவே டைப் அடிச்சு வச்ச ஒரு மாதிரி லெட்டரை எடுத்துக் காட்டுறாங்க. ஃப்ரெண்ட்ஸ் மூலமா பழக்கம், பாத்ததுமே புடிச்சுப் போச்சு, வாராவாரம் வெளில சாப்பிடப் போனோம், இப்படி. எங்களுது அத்தை கொண்டு வந்த வரன், ஜாதகம் பாத்து, வீடியோ கால்ல பொண்ணு பாத்து, அப்புறம் நான் லீவு போட்டு ஊருக்குப் போய் நிச்சயமும் கல்யாணமும் நடந்துச்சு. இதுல மறைக்க என்னங்க இருக்கு? இந்தியா, இலங்கைல இருந்து வர்ற ஃபைலைப் பாக்குற ஆபீசருக்கு பெரியவங்க பாத்து வைக்கிற கல்யாணம்னா என்னன்னு தெரியும். கல்யாணம் உண்மையானதா, இமிக்ரேஷனுக்காகவே பண்ணதான்னுதான் அவங்க பாக்கணும், அதுக்கு யார் பேச்சை ஆரம்பிச்சா, ரெண்டு வீடும் எப்ப சந்திச்சுது, யார் யார் கல்யாணத்துக்கு வந்தாங்கங்கிறதுதான் சாட்சி. ஊர்ல எல்லாருக்கும் ஒரே கதையை எழுதிக் குடுத்துட்டு நாளைக்கு இன்டர்வியூல என் வீட்டுக்காரர் வாயில வேற கதை வந்தா மாட்டிக்கிறது நாமதான், அந்த ஆபீஸ் இல்ல. அங்கருந்து கிளம்பிட்டோம்.

இன்னொண்ணு, பொண்ணு பாக்குறது வீடியோ கால்ல நடக்கலாம், தாலி கட்டுறது நடக்கக்கூடாது. 2015 ஜூன் 11க்கு அப்புறம் ரெண்டு பேர்ல ஒருத்தர் நேர்ல இல்லாம நடந்த கல்யாணத்தை கனடா ஸ்பான்சர்ஷிப்புக்கு ஏத்துக்கிறதில்ல. லீவு கிடைக்கலன்னு ஃபோன்லயே முடிச்சிடலாம்னு யாராவது சொன்னா தயவுசெஞ்சு கேக்காதீங்க.

சரி, மேடம் என்ன பண்ணாங்கன்னு சொல்றேன். அவங்க முதல்ல கை வச்சதே பேர்லதான். என் வீட்டுக்காரர் பாஸ்போர்ட்ல சர்நேம் இடம் காலியா இருக்கும், கிவன் நேம்ல மட்டும் அவர் பேர். மேரேஜ் சர்டிஃபிகேட்ல இனிஷியலோட ஒரு மாதிரி, பத்தாவது மார்க்‌ஷீட்ல அப்பா பேரை விரிச்சு இன்னொரு மாதிரி, துபாய்ல வேலை பாத்த லெட்டர்ல அப்பா பேரே முதல் பேரா மாறிப்போய் இருந்துச்சு. நம்ம ஊர் ஆளுங்க பாதி பேருக்கு இதே பிரச்சினைதான். பாஸ்போர்ட்ல சர்நேம் இல்லன்னா ஐஎம்எம் 0008 ஃபார்ம்ல பாஸ்போர்ட்ல இருக்கிற பேரை ஃபேமிலி நேம் கட்டத்துல போட்டுட்டு கிவன் நேமை காலியா விடணும்னு கைடுலயே இருக்கு, அதை எடுத்துக் காட்டுனாங்க. வேற வேற மாதிரி எழுதியிருக்கிற பேரெல்லாம் ஒரே ஆள்தான்னு ஊர்ல ஒரு நோட்டரி அஃபிடவிட் எடுக்கச் சொன்னாங்க, அதோட ஒரு பக்க விளக்க லெட்டர். இதுக்காகவே குடுத்த காசு தகும்.

அடுத்து ஷெட்யூல் ஏ, அதாவது ஐஎம்எம் 5669. கடைசி 10 வருஷத்துல ஒரு மாசம்கூட இடைவெளி இல்லாம என்ன பண்ணிட்டு இருந்தோம்னு எழுதணும். படிப்பு முடிச்சிட்டு அவர் டிஎன்பிஎஸ்சிக்கு படிச்சிட்டு வீட்ல இருந்த காலத்தை அப்படியே எழுதுங்க, வேலை இல்லன்னு எழுதுறதுல ஒண்ணும் குறைச்சல் இல்ல, வெத்தா விட்டாதான் கேள்வி வரும்னாங்க. இந்த ஃபார்ம்ல இருக்கிற அட்ரஸும் தேதியும் மத்த ஃபார்ம்ல இருக்கிறதோட பொருந்துதான்னு பேனாவை வச்சு ஒண்ணொண்ணா டிக் அடிச்சு பாத்தாங்க. துபாய்ல 6 மாசத்துக்கு மேல இருந்ததால இந்தியா பிசிசி (கேஸ் எதுவும் இல்லன்னு போலீஸ் குடுக்கிற சர்டிஃபிகேட்) மட்டும் பத்தாது, அங்க இருந்தும் போலீஸ் சர்டிஃபிகேட் வேணும்.

சாட்சி விஷயத்துலதான் நான் நிறைய கத்துக்கிட்டேன். செக்லிஸ்ட் ஐஎம்எம் 5533 படி சாட் 10 பக்கம், ஃபோட்டோ 20, அவ்வளவுதான் இடம். அவங்க எங்க சாட்ல இருந்து எடுக்கச் சொன்னது என்ன தெரியுமா, அவர் எங்க அம்மாவை கண் ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போய் டாக்டர் சொன்னதை எனக்கு டைப் பண்ணி அனுப்பினது, நான் சம்பளம் வந்ததும் எவ்வளவு அனுப்பட்டும்னு கேட்டது, ரெண்டு பேரும் வாடகை வீடு பாத்து சண்டை போட்டது. குடும்பம் நடத்துறவங்க பேச்சு அதுலதான் தெரியும்ங்க. ஃபோட்டோலயும் ஸ்டூடியோ ஆல்பத்தைக் குறைச்சிட்டு சொந்தக்காரங்களோட பந்தில உக்காந்தது, அவர் பாட்டி விபூதி வச்சு விடுறது மாதிரி படமா எடுத்து, கீழ தேதி, இடம், யார் யாருன்னு எழுத வச்சாங்க. கல்யாணப் பத்திரிகை தமிழ்ல இருந்ததால மொழிபெயர்ப்பு வேணும். அதை நாமளோ நம்ம சொந்தக்காரங்களோ பண்ணக்கூடாது, எவ்வளவு நல்லா இங்கிலீஷ் தெரிஞ்சாலும்.

குறையும் இருக்கு. மெயில் போட்டா பதில் வர்றதுக்குள்ள நமக்கு பாதி உசிரு போயிடும். ஜூம் கால் எல்லாம் வேலை நாள்ல பகல்லதான், ஊர்ல அவருக்கு அது நடுராத்திரி. பிஆர் போர்ட்டல்ல (ஃபைலை சப்மிட் பண்ற கவர்மெண்ட் வெப்சைட்) அப்லோட் பண்றது, அதுக்கப்புறம் வர்ற லெட்டருக்கு பதில் சொல்றது எதுவும் இந்த சர்வீஸ்ல வராது, எல்லாம் நம்ம தலையில. ஃபைல் போயிட்டு இருக்கும்போதே அவருக்கு விசிட்டர் விசா போடலாம்ங்கிறதையும் அவங்களா சொல்லல, நான் படிச்சு தெரிஞ்சிட்டு கேட்டப்போதான் ஆமா போடலாம்னாங்க. பிரிஞ்சு இருக்கிறவங்களுக்கு அதுதானே பெரிய விஷயம், முதல் நாளே சொல்லியிருக்கணும்.

யார்கிட்ட போனாலும் முதல்ல லைசென்ஸைப் பாருங்க. கனடால காசு வாங்கிட்டு இமிக்ரேஷன் ஆலோசனை குடுக்க ஆர்சிஐசி (இமிக்ரேஷன் கன்சல்டன்ட்) லைசென்ஸ் வேணும், இல்லன்னா வக்கீலா இருக்கணும், ஒண்டாரியோல லைசென்ஸ்டு பாராலீகல், கியூபெக்ல நோட்டரி. கன்சல்டன்ட்டுங்களை 2021 நவம்பர்ல இருந்து காலேஜ்னு பேர் வச்ச ஒரு தனி அமைப்புதான் (படிக்கிற காலேஜ் இல்ல) கட்டுப்படுத்துது, அவங்க வெப்சைட்ல பேரை அடிச்சா லைசென்ஸ் இருக்கா இல்லையான்னு அங்கேயே தெரியும். டாக்ஸ் ஃபைல் பண்ற கடைலயும் டிக்கெட் போடுற கடைலயும் இதையும் சேத்து பண்றேன்பாங்க, அப்படிப்பட்டவங்ககிட்ட பாஸ்போர்ட் காப்பிகூட குடுக்காதீங்க. எழுத்துல அக்ரிமெண்ட் இல்லாம யாருக்கும் காசு குடுக்கவும் வேணாம்.

கவர்மெண்ட் ஃபீஸ் இதுல சேராது. 2024 ஏப்ரல் 30ல ஏத்தினப்போ ஸ்பான்சர் ஃபீஸ் 85 டாலர், ப்ராசசிங் 545, பிஆர் உரிமை ஃபீஸ் 575, மொத்தம் 1,205 இருந்துச்சு. பயோமெட்ரிக்ஸ் (கைரேகை, ஃபோட்டோ எடுக்கிறது) 85 தனியா இருந்துச்சு. இது அப்பப்ப ஏறும், கட்டுற அன்னிக்கு ஒருதடவை செக் பண்ணிக்கோங்க. அந்த 575ஐ அப்புறமா கட்டலாம்னு விடாம சேத்தே கட்டிடுங்கன்னு மேடம் சொன்னாங்க, கடைசில அதுக்காக ஃபைல் நிக்காது, ரிஜெக்ட் ஆனா அந்தக் காசு திரும்ப வந்துடும். கணவன் மனைவியை ஸ்பான்சர் பண்ண பெரும்பாலும் இவ்வளவு சம்பளம் இருக்கணும்னு கிடையாது, ஆனா அவங்க பிஆர் ஆன நாள்ல இருந்து 3 வருஷத்துக்கு அவங்க செலவுக்கு நாம பொறுப்புன்னு கையெழுத்து போடுறோம், இடைல பிரிஞ்சாலும் அந்தப் பொறுப்பு போகாது. அதைப் படிக்காம கையெழுத்து போடாதீங்க.

எங்க கேஸ் சிக்கல் இல்லாத கேஸ், பிஆரும் வந்துடுச்சு, அவர் இப்ப இங்கதான் இருக்கார். ரெண்டு பேருக்கும் முதல் கல்யாணம், ஃபார்ம் படிச்சு புரியும், ராத்திரி உக்காந்து நிரப்ப பொறுமை இருக்குன்னா தாராளமா இந்த ரிவ்யூ சர்வீஸ் போதும். முன்னாடி விசா ரிஜெக்ட் ஆகி அதுல வேற மாதிரி தகவல் குடுத்திருந்தா, விவாகரத்து இருந்தா, குழந்தை யாரையாவது பழைய ஃபைல்ல காட்டாம விட்டிருந்தா, போலீஸ் கேஸ் இருந்தா இது பத்தாது, நேரா இமிக்ரேஷன் வக்கீல்கிட்ட போங்க. வெளிநாட்டுல இருந்து போட்ட ஃபைல் ரிஜெக்ட் ஆனா ஸ்பான்சருக்கு அப்பீல் போக 30 நாள்தான் டைம், கனடாக்குள்ள இருந்து போடுற பிரிவுல அந்த அப்பீலே கிடையாது, அதனால எந்த வழில போடுறதுங்கிறதையும் அந்த வக்கீல்கிட்டயே கேட்டு முடிவு பண்ணுங்க.

மார்க் போடணும்னா 5க்கு 4. மெயிலுக்கு சீக்கிரம் பதில் வந்திருந்தா முழுசா குடுத்திருப்பேன்.