வாரக்கடைசியா, வாரம் மாற்றி வாரமா: பிரிந்த பெற்றோருக்கு எந்த ஏற்பாடு நிற்கும்?

பிள்ளை யாரிடம் இருப்பது என்று ராயபுரம், வியாசர்பாடி பக்கத்துக் குடும்பங்கள் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்திலுள்ள குடும்ப நீதிமன்றத்துக்குப் போனால், பேச்சு பெரும்பாலும் மூன்று ஏற்பாடுகளில் ஒன்றில் வந்து நிற்கும்: நீதிமன்ற வளாகத்தில் சில மணி நேரச் சந்திப்பு, வாரக்கடைசியில் இன்னொரு வீட்டில் தங்கல், இருவரும் சம நாள் பகிர்தல்.

இதில் எதையும் சட்டம் கட்டாயமாக்கவில்லை. 1890-ஆம் ஆண்டு காப்பாளர் சட்டம் எல்லா மதத்தாருக்கும் பொருந்தும். அதிலும் 1956-ஆம் ஆண்டு இந்து இளவர் (மைனர்) சட்டத்திலும் பிள்ளையின் நலனுக்கே முதலிடம். ஐந்து வயதுக்குள் பிள்ளை தாயிடம் என்று 1956 சட்டம் சொல்வதற்கு முன்னால் ‘சாதாரணமாக’ என்ற சொல் இருக்கிறது, விதிவிலக்கு உண்டு. யார் அதிகம் சம்பாதிக்கிறார் என்பதைவிட, இதுவரை யார் வளர்த்தார் என்பதே எடுபடும். தடுப்பூசி அட்டை, பள்ளி டைரியில் இருக்கும் கையெழுத்து, ஓ.பி. சீட்டு, ஃபீஸ் ரசீது ஆகியவற்றைத் தேதிவாரியாக அடுக்கி வையுங்கள். விவரம் தெரிந்த வயதுப் பிள்ளையிடம் நீதிபதி தனியாகப் பேசலாம். “மதிய டப்பா யார் கட்டித் தருவாங்க?” என்ற ஒரு கேள்வியில் சொல்லிக்கொடுத்த பதிலெல்லாம் உதிர்ந்துவிடும். தயவுசெய்து பிள்ளைக்குப் பாடம் நடத்தாதீர்கள்.

வளாகச் சந்திப்பு, அடிதடி நடந்த வீட்டுக்கும், பெற்றவர் முகமே மறந்துபோன பிள்ளைக்கும் சரியான தொடக்கம். ஆனால் கொடுங்கையூரிலிருந்து பஸ் நெரிசலில் பாரிமுனை வந்து, நாலு குடும்பங்களுக்கு நடுவே ஒரு மணி நேரம் உட்காரும் பிள்ளை சீக்கிரம் சலித்துவிடும். நான்கைந்து சந்திப்பு நல்லபடியாக நடந்ததுமே, நேரத்தை நீட்டிக்கக் கேட்டு ஐ.ஏ. (இடைக்கால) மனு போடுங்கள். ஒரு வருடம் அப்படியே விட்டால் அதுவே வழக்கமாகி, ‘பிள்ளைக்கு அந்த வீடே பழக்கமில்லை’ என்று எதிர்த்தரப்பு வாதிட இடம் கொடுத்ததாகிவிடும்.

பள்ளிக்குப் போகும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வாரக்கடைசி ஏற்பாடுதான் நிற்கும் என்பது எங்கள் கருத்து. அது உடைந்தால் பெரும்பாலும் உத்தரவின் வாசகத்தால்தான் உடையும். ‘மாதம் இரண்டு சனிக்கிழமை’ என்று மட்டும் எழுதினால் சண்டை நிச்சயம். ‘முதல், மூன்றாம் சனி காலை 10 மணி முதல் ஞாயிறு மாலை 5 மணி வரை, ஒப்படைப்பு தண்டையார்பேட்டை மெட்ரோ நிலைய வாசலில்’ என்று எழுதக் கேளுங்கள். மாமியார் வீட்டு வாசல் வேண்டவே வேண்டாம். காய்ச்சல் என்றால் மருத்துவர் சீட்டு, பதிலாக அடுத்த சனி. மழையில் சுரங்கப்பாதை மூழ்கினாலும் அப்படியே. தீபாவளி, பொங்கல், அரையாண்டு லீவு யாருக்கு எந்த வருடம் என்பதும் அதிலேயே வரட்டும்.

காசிமேட்டில் விசைப்படகு வேலைக்குப் போகும் அப்பாவுக்கு நிலையான சனிக்கிழமை ஒத்து வராது. படகு கரை திரும்பும் நாள் கையில் இல்லை. ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், பள்ளிக் கோடை விடுமுறையோடு பெரும்பகுதி ஒட்டியே வருகிறது. மற்ற மாதங்களில் ‘கரை திரும்பிய மறுநாள் மாலை’ என்றும், கோடையில் தொடர்ந்து இரண்டு, மூன்று வாரம் என்றும் கேட்டால் நியாயமாக இருக்கும். தொழிலை மனுவில் விளக்கினால்தான் நீதிமன்றத்துக்கு இது தெரியும்.

சம நாளாகவோ, நீதிமன்றம் முடிவு செய்யும் அளவிலோ பெற்றோர் இருவரும் பிள்ளையைப் பகிர்ந்து வளர்க்க வழி செய்யும்படி சட்ட ஆணையம் 2015-இல் தன் 257-ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது; சட்டத்தில் இன்னும் ஏறவில்லை. இரு வீடும் பழைய வண்ணாரப்பேட்டை, ராயபுரம் என்று பள்ளிக்கு அருகிலேயே இருந்து, இருவரும் கத்தாமல் பேச முடிந்தால் சம நாள் பகிர்வு நடக்கும். ஒருவர் பெரம்பூர், மற்றவர் எண்ணூர் என்றால் பிள்ளையின் காலைப்பொழுது பயணத்திலேயே போய்விடும். மணலியில் நைட் ஷிஃப்ட் பார்ப்பவரிடம், இரவில் பிள்ளையோடு யார் இருப்பார் என்ற கேள்வி வரும்.

இந்த விவரங்களைச் சமரச மையத்தில் பேசி எழுதிக்கொள்வது, விசாரணை நடத்தி வாங்குவதைவிட மேல். அப்படிப் பேசி முடித்த ஏற்பாடும் கல்வெட்டல்ல: சென்னையிலிருந்து போன ரோசி ஜேக்கப் வழக்கில் 1973-இல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, சம்மதத்தின் பேரில் வந்த உத்தரவையும் பிள்ளையின் நலனுக்காக மாற்றலாம். வக்கீல் வைக்க வசதியில்லாத பெண்கள் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். அவர்களுக்கு வருமான வரம்பு கிடையாது.

ஜீவனாம்சம் வரவில்லை என்று பிள்ளையை அனுப்பாமல் இருப்பதும், பிள்ளையைக் காட்டவில்லை என்று பணத்தை நிறுத்துவதும் ஒரே தவறு. இரண்டும் தனித்தனி உத்தரவுகள். ஒப்படைப்பு தவறினால் அன்றைக்கே தேதி, நேரத்தோடு ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பி வையுங்கள், திட்டு எதுவும் இல்லாமல். அடுத்த வாய்தாவில் மனுவோடு இணைக்க வேண்டியது அதைத்தான்.