தில்லைநகரில் எடுத்த எக்ஸ்ரே

லண்டனில் இருந்து திருச்சிக்குக் கிளம்பும்போதே, மகளுக்கு ஊரிலேயே பல்லுக்குக் கிளிப் போட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். 5 வார விடுமுறை போதும் என்று நினைத்தேன். அவளுக்கு 13 வயது. மேல்வரிசையில் வலப்பக்கம் தெத்துப்பல். இடப்பக்கம் பால்பல் இன்னும் விழாமல் நின்றது.

தில்லைநகரில் கிளினிக்குகளுக்குக் குறைவில்லை. முதலில் போன இடத்தில் எக்ஸ்ரேகூட எடுக்காமல் மொத்தத் தொகையைச் சொன்னார்கள். “இன்னைக்கே அளவு எடுத்துடலாம் மேடம், அலைனர் லண்டனுக்கே கூரியர்ல வந்துடும்.” பல்மேல் மாட்டிக் கழற்றும் நிறமில்லாத பிளாஸ்டிக் உறைதான் அலைனர். வாய்க்குள் சரியாகப் பார்க்காமல் எப்படிச் சொல்கிறார்கள் என்று எனக்கு உறுத்தியது. யோசித்துச் சொல்வதாக வந்துவிட்டேன்.

நாத்தனார்தான் வழி சொன்னாள். “பி.டி.எஸ். போர்டைப் பார்த்து உள்ள போகாதீங்க அண்ணி. எம்.டி.எஸ். ஆர்த்தோ படிச்சவங்களான்னு கேளுங்க.” பி.டி.எஸ். முடித்த பிறகு பல் சீரமைப்புக்கென்றே தனியாக 3 வருடம் படிக்கும் படிப்பு அது.

அப்படித் தேடிப் போன டாக்டரம்மா முதலில் ஓபிஜி எடுக்கச் சொன்னார். இரண்டு தாடையும் எல்லாப் பற்களும் ஒரே படத்தில் விழும் எக்ஸ்ரே. படத்தில் விரல் வைத்துக் காட்டினார்: “பாருங்கம்மா, இந்தப் பால்பல்லுக்கு மேல நிரந்தரக் கோரைப்பல் எலும்புக்குள்ளயே சாஞ்சு கிடக்கு.” 11, 12 வயதில் வந்திருக்க வேண்டிய பல். அப்படியே விட்டால் பக்கத்துப் பல்லின் வேரை அரித்துவிடலாமாம். எனக்குக் கை சில்லிட்டுவிட்டது. இத்தனை நாள் அழகு விஷயமாக மட்டும்தானே பார்த்திருக்கிறேன்!

சின்ன அறுவை செய்து பல்லைத் திறந்து, அதில் சங்கிலி ஒட்டி, கம்பியோடு பிணைத்து மெல்ல இறக்க வேண்டும். கம்பி தள்ளும் பக்கம் எலும்பு கரைகிறது, எதிர்ப்பக்கம் புது எலும்பு வளர்கிறது. அதனால்தான் மாதத்துக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டருக்கு மேல் நகர்த்த முடியாது. மொத்தம் 2 வருடம்போல ஆகும், 4 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டும் என்றார்.

“இங்க ஆரம்பிச்சுட்டு அங்க யார்கிட்ட காட்டுவீங்க?”

என்னிடம் பதில் இல்லை. வரும் வருமானத்தை விட்டுவிட்டு அப்படிக் கேட்டாரே, அந்த நேர்மையை நான் மறக்க மாட்டேன்.

வகைகளையும் பொறுமையாக விளக்கினார். உலோகக் கிளிப் உறுதியானது, விலை குறைவு. செராமிக் பல்நிறத்தில் இருப்பதால் தெரியாது, ஆனால் உடையக்கூடியது. அலைனரைச் சாப்பிடவும் பல் தேய்க்கவும் மட்டும் கழற்றி, நாளுக்கு 20 மணி நேரத்துக்கு மேல் மாட்டியிருக்க வேண்டும்; புதைந்த பல்லை இழுக்க அது மட்டும் போதாது. எதைப் போட்டாலும் கழற்றிய பிறகு, பல்லை அதே இடத்தில் நிறுத்திவைக்கும் ரீடெய்னர் அணியாவிட்டால் பல் பழைய இடத்துக்கே நகரும்.

இங்கிலாந்தில் 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு, தேவை அதிகமென்று தரம் பிரித்தால், அந்நாட்டு அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். செலவிலேயே கிளிப் போடுவார்கள். அந்தத் தரத்தின் 5 படிகளில் 5-ஆவதுதான் மிகத் தீவிரம். இப்படிப் புதைந்து நிற்கும் பல் அந்தப் படியில் வரும் என்று வீட்டுக்கு வந்து தேடியபோதுதான் தெரிந்தது.

பால்பல்லையாவது இங்கே பிடுங்கிவிடலாமா என்று மறுநாள் போய்க் கேட்டேன். “தொடர்ந்து பார்க்கப்போற டாக்டர் முடிவு பண்ணட்டும்மா” என்றவர், சொத்தையாக இருந்த கடைவாய்ப்பல்லை மட்டும் அடைத்து அனுப்பினார். எக்ஸ்ரேயும் அவர் எழுதித் தந்த குறிப்பும் இப்போது என் கைப்பையில் இருக்கின்றன. திங்கட்கிழமை காலை லண்டனில் முதல் போன் பல் டாக்டருக்குத்தான்.